பாதி வழிக் கல்

பொழுது புலர்வதற்கு முன்பே எழுந்து, பேரீச்ச ஓலைத் துடைப்பத்தால் தம் வாசல் மணலைப் பெருக்கிச் சமன் செய்வது பிஸ்காவின் நெடுநாளைய வழக்கம். குப்பையைக் கூட்டுவோர் ஊரில் பலர் உண்டு. பிஸ்கா கூட்டியது நேற்றைய தினத்தை. பழைய தடங்கள் அழிந்து, மணல் எழுதாத பலகை போல் ஆனபின் அவர் உள்ளே போய்த் தேநீருக்குக் கரி மூட்டுவார். கசக்கும் முதல் குவளையிலிருந்து இனிக்கும் மூன்றாம் குவளைவரை முறைப்படி முடித்துவிட்டு வெளியே வந்தால், யார் வந்தார், யார் வர நினைத்து வராமலே திரும்பினார், யாருடைய ஆடு கட்டறுத்துக்கொண்டது என்பதெல்லாம் அங்கே எழுதிக் கிடக்கும். மலைமேலுள்ள காப்புப் பூங்காவின் தலைமைக் காவலரான அவர் தம் திருடர்களில் பாதிப் பேரை வாசலிலேயே பிடித்தவர் என்று பாலைவனச் சோலை ஊரான ஜானெத்தின் சந்தையில் சொல்வார்கள். சற்று மிகைதான், ஆனால் முழுப் பொய்யன்று.

இந்த வாரம் மட்டும் அந்தப் பலகையில் ஒரே எழுத்து மீண்டும் மீண்டும் விழுந்தது. இடது குதிகாலில் ஒட்டுப் போட்ட ஒரு செருப்புத் தடம். வாசலுக்குச் சற்றுத் தள்ளி வந்து நிற்கும். நெடுநேரம் நின்றதற்கு அடையாளமாகக் குதிகால் ஆழப் பதிந்திருக்கும். பிறகு வந்த வழியே போய்விடும்.

அந்தச் செருப்பை பிஸ்கா அறிவார். அது வழிகாட்டி அமஸ்தானுடையது. மலைமேல் கற்களுக்கிடையே எஞ்சியிருக்கும் தாரூத் என்னும் பழைய ஊசியிலை மரங்களில் ஒன்றின் பச்சைக் கிளையை வெட்டி எரித்தான் என்று, அடிவாரச் சாவடியில் கழுதைக்காரர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் அவன் மார்பிலிருந்த வழிகாட்டி அடையாள வில்லையைக் கழற்றி வாங்கியவர் பிஸ்காவேதான். அந்த மரங்களுக்குக் கன்று முளைப்பதில்லை. போன கிளை போனதுதான். வில்லை இல்லாதவன் சாவடியைத் தாண்டி மலையேறவும் கூடாது.

அன்று அமஸ்தான் மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அங்கே ஆண்கள் வாயை மூடிக் கட்டும் நீல முகத்துணியை இன்னும் ஒரு விரற்கடை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான், அவ்வளவுதான். குற்றவாளியின் மௌனம் என்று பிஸ்கா அப்போது எண்ணினார். இப்போதோ அந்த மௌனம், விழுங்கியும் இறங்காத கவளம்போல அவர் நெஞ்சில் நின்றது.

கூட்டிய மணலைச் சற்றும் மதிக்காமல், குறுக்கே நேராக மிதித்து வருகிறவள் ஊரில் ஒருத்திதான். மரியமா அவருடைய தாய்மாமன் மகள். மலைக்குச் சுமை ஏற்றும் கழுதைகளின் சொந்தக்காரி. துப்புத் துலக்கும் வேலையில் அவருக்கு வலக்கை. மாமன் மக்களும் அத்தை மக்களும் ஒருவரையொருவர் கேலி பேசாவிட்டால் உறவே அற்றுப்போனதாகக் கருதும் ஜனங்கள் அவர்கள். மரியமா அந்த உறவை ஒருநாளும் அறவிட்டதில்லை.

“என்ன மச்சான், காலங்காத்தால மணலோட பேச்சு? ஒரு பொண்டாட்டி இருந்தா அவகூடப் பேசலாம்ல.”

“வாய மூடிக்கிட்டு இதப் பாரு. மன்னிப்புக் கேக்க வந்தவன் கால்விரல் எதைப் பாத்து நிக்கும்?”

“கதவப் பாத்துத்தான்.”

“இது?”

மரியமா குனிந்தாள். விரல்கள் கதவை நோக்கவில்லை. அவை கிழக்கே, மலையேறும் கணவாயை நோக்கி நின்றன. எல்லாக் காலையிலும் அப்படியே நின்றதாக பிஸ்கா சொன்னார்.

“அப்ப அவனுக்கு உன்கிட்ட ஜோலி இல்ல,” என்றாள் மரியமா. “மேலதான் ஏதோ ஜோலி இருக்கு. நீ வழி விடணும். கேக்க அவனுக்கு வாய் வரல.”

அவர்கள் கழுதை ஒன்றைப் பிடித்துக்கொண்டு சாவடிக்குப் போனபோது, அமஸ்தான் மற்ற கழுதைக்காரர்களைவிட்டு விலகி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். காவலரைக் கண்டதும் எழுந்து நின்றான். மேலே என்ன வேலை என்று பிஸ்கா கேட்டார், சுற்றி வளைத்துக் கேட்டார், அதட்டியும் கேட்டார். பதில் ஒன்றுதான் வந்தது.

“நாளைக்கு ஒருநாள் மட்டும் மேல போக விடுங்கண்ணே. அப்புறம் என்ன தண்டனைன்னாலும் குடுங்க. நான் ஏன்னு கேக்க மாட்டேன்.”

நாளைக்கு என்ன விசேஷம் என்று அவர் வினவியதும், முகத்துணி மறுபடியும் ஒரு விரற்கடை மேலேறியது. 

கணவாயின் செங்குத்துப் பாதையில் பாதி தூரம் ஏறியபின் மரியமா வாய் திறந்தாள்.

“அவன் கையில என்ன வெச்சிருந்தான், பாத்தியா?”

“தோல் தாயத்து.”

“தாயத்துதான். அதோட கயிறு யாரு கழுத்துக்கு ஆகும்?”

பிஸ்கா கயிற்றைப் பார்க்கவில்லை.

“நீ மனுஷங்க காலைத் தவிர வேற எதையும் பாக்கறதே இல்ல மச்சான்,” என்று சொல்லிவிட்டு, அவள் தான் கண்டதைத் தன்னிடமே வைத்துக்கொண்டு கழுதையைத் தட்டினாள்.

உச்சியில் கற்காடு தொடங்கியது. தலைப்பாகை கட்டிய மனிதர்கள் கூட்டம் கூட்டமாக வழக்குப் பேச வந்து, தீர்ப்பைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாற்போல மணற்பாறைத் தூண்கள் நின்றன. அவற்றின் இடுக்குகளில் காற்று நுழைந்து நுழைந்து பேசியது. மற்ற நாட்களில் பிஸ்காவுக்கு அந்தப் பேச்சு பிடிக்கும். இன்று, தம்மைப் பற்றித்தான் ஏதோ சொல்லுகிறது என்று அவருக்குத் தோன்றியது.

தாரூத் மரம் ஓர் அகன்ற பாறையின் அடியில், முறுக்கிப் பிழிந்த துணிபோல் நின்றது. அதன் பக்கத்திலேயே எரிந்து அணைந்த பெரிய அடுப்பின் சாம்பல். பிஸ்கா தாம் முன்பு கண்டதையெல்லாம் வரிசையாகக் காட்டினார். இங்கே தீ எரிந்தது; திறந்தவெளித் தடங்களைக் காற்று அன்றே அழித்துவிட்டது. அதோ, அந்தத் தூணுக்குப் பின்னால், ஒட்டுச் செருப்புக்காரன் தீக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ரொட்டி தின்றான். துணுக்குகள் இன்னும் கிடக்கின்றன. திறந்தவெளியில் உண்ணாமல் எதற்காக மறைவிடம் தேடினான்? குற்றமுள்ள நெஞ்சு, எவரேனும் பார்த்துவிடுவார்களோ என்ற அச்சம். இவ்வாறுதான் அவர் முடிவு கட்டியிருந்தார். அன்று அந்த முடிவு எவ்வளவு உறுதியாகத் தெரிந்தது என்பது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

மரியமா சாம்பலைப் பார்த்தாள், தூணைப் பார்த்தாள்.

“அன்னிக்கு ராத்திரி குளிர் எப்படி?”

“சுனைத் தண்ணி கல்லா உறைஞ்சுபோச்சு.”

“குளிருக்காகத்தானே கிளைய வெட்டினான்?”

“வேற எதுக்கு?”

“வெட்டி, இழுத்துட்டு வந்து, கண்ணெரிய ஊதிப் பத்தவெச்சுட்டு, தீ எட்டாத பக்கமாப் போயி உக்காந்தானா? என் கழுதைகூட அப்படிச் செய்யாதே மச்சான்.”

பிஸ்காவின் காதுமடல்கள் சூடேறின. மறுமொழி தேடி அவர் மணலைப் பார்த்தார். ஆனால் காற்று அடித்த மணலில் புதிதாக ஒன்றுமில்லை. மரியமா இதற்குள் சாம்பலுக்கும் தூணுக்கும் நடுவே மெல்ல நடந்துபோய், ஒரு தட்டைக் கல்லின் முன் குந்தி உட்கார்ந்தாள். கல்லின் மேல் எறும்புகள் வளையம் வளையமாக ஊர்ந்துகொண்டிருந்தன. எறும்புகளை அவள் ஊதிவிட்டாள். சர்க்கரை காய்ந்த வட்டங்கள் தெரிந்தன. தேநீர்க் குவளையின் அடி வட்டங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூன்று.

பிஸ்காவும் வந்து குனிந்தார். அடுப்படியிலிருந்து ஒருவர் குவளையைக் கொண்டுவந்து இந்தக் கல்லின்மேல் வைத்திருக்கிறார். அவர் திரும்பிப் போனபின் அமஸ்தான் வந்து எடுத்துக்கொண்டு மறைவுக்குப் போயிருக்கிறான். மும்முறையும் அப்படியே. ஆக, அவன் தனியாக இல்லை. அதுவரைக்கும் அவருக்கு விளங்கிற்று. ஆனால் பத்தடி நடந்து கையில் கொடுத்துவிட்டுப் போகாமல், பாதி வழியில் வைப்பானேன்?

மரியமா மணலிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ஊரெல்லாம் துப்பறிஞ்சே. ஒரே ஒரு கல்யாணம் பண்ணியிருந்தா இது உனக்கு மொத நாளே தெரிஞ்சிருக்கும். ஒரு ஆம்பள யாரு முன்னாடி வாயத் தொறந்து திங்க மாட்டான்?”

பிஸ்கா மறுபடியும் அந்தக் கல்லைப் பார்த்தார். பிறகு, தமக்கே கேட்காத குரலில் சொன்னார்.

“மாமியார் முன்னாடி.”

மாமியார் கண்ணெதிரே வாய் தெரிய உண்ணலாகாது, அவளோடு பேசலாகாது, அவள் பெயரை நாவில் எடுக்கலாகாது. அந்த மண்ணில் பால்குடி மறந்த ஆண்மகன் எவனுக்கும் இது தெரியும். பிஸ்காவுக்கும் தெரியும், ஆனால் கரையில் நிற்பவனுக்கு நீச்சல் தெரிவதுபோலத் தெரியும். மாமியார் இல்லாத மனிதரின் கண்ணுக்கு, மரியாதை திருட்டாகத் தோன்றிவிட்டது. மேலே ஏறிய அந்த முகத்துணியின் பொருளும் அவருக்கு இப்போதுதான் துலங்கியது. அவன் தன் முகத்தை மறைக்கவில்லை. ஒரு பெயரை மறைத்தான்.

“கீழேயே பாக்காத. இப்ப மேல பாரு,” என்றாள் மரியமா.

கிளை வெட்டுப்பட்ட இடம் ஓர் ஆணின் இடுப்பு உயரத்தில் இருந்தது. வலுவுள்ள கை நான்கே வீச்சில் முடித்த வேலையன்று. கோழி கொத்தினாற்போலச் சின்னச் சின்ன வெட்டுக்கள். கூடார முளை அடிக்கும் கைக்கோடரியின் வாய் அளவு. அதைவிட வியப்பானது ஒன்றும் இருந்தது. வெட்டுவாயின்மேல் வெண்ணெயும் களிமண்ணும் குழைத்து, குழந்தையின் காயத்துக்குப் பூசுவதுபோல, ஓரம் விடாமல் பூசியிருந்தது. தடம் பார்த்தே பழகிய கண்கள் மரத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் அன்று திரும்பிவிட்டன.

“திருடறவன் மருந்து போட்டுட்டுப் போவானா மச்சான்?”

பிஸ்கா அந்தப் பூச்சை விரலால் தொட்டுப் பார்த்தார். அமஸ்தானின் மாமியார் ரஹ்மாத்தா தன் ஆடுகளோடு இந்த மேட்டிலேயே குடியிருப்பவள் என்பதும், அவள் கூடாரம் எங்கே என்பதும் அவருக்குத் தெரியும். போன கோடையில் அவரே அங்கே போயிருக்கிறார். அந்தத் திசையில் விடுவிடென்று நடக்கலானார்.

பின்னால் வந்த மரியமா, சிறிது நேரம் கழித்து, கேட்காமலே ஒரு கதை சொன்னாள். நரியின் சுனையை யாரோ கலக்கிவிட்டார்களாம். நரி தடம் பிடித்துப் போயிற்றாம். மேடு ஏறி, பள்ளம் இறங்கி, வழியில் கண்ட முயலை அதட்டி, முள்ளம்பன்றியைக் கட்டிவைத்து, பொழுது சாயும் நேரத்தில் ஒரு வளைக்கு முன்னால் போய் நின்றதாம். உள்ளே எட்டிப் பார்த்தால் அதன் சொந்தப் படுக்கை.

“இப்ப எதுக்கு இந்தக் கதை?”

“சும்மாதான். ஏத்தம் தெரியாம இருக்கும்.”

ஆனால் அவள் குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை. பிஸ்கா அதைக் கவனித்தார்; கவனித்தும் கேட்கவில்லை.

தோல் கூடாரம் இரு தூண்களுக்கிடையே காற்றுக்கு ஒதுங்கியிருந்தது. அதற்கு நூறடி முன்பே ஒரு சிசுவின் அழுகுரல் கேட்டது. தாயத்துக் கயிறு எந்தக் கழுத்துக்கு என்பது பிஸ்காவுக்கு அப்போது விளங்கியது. மரியமாவை அவர் திரும்பிப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

நலம், நலம்தானா, ஆடுகள் நலமா, களைப்பு எப்படி, குளிர் எப்படி என்று நீண்ட குசலம் முறைப்படி நடந்து முடிந்தது. முடிந்த மறுகணம் ரஹ்மாத்தா உள்ளே போய் ஒரு கைக்கோடரியை எடுத்து வந்து பிஸ்காவின் காலடியில் வைத்தாள். நெடிய, மெலிந்த கிழவி.

“நீ வருவேன்னு தெரியும். நான்தான் வெட்டினேன். மருமகன் எங்கிட்டப் பேசறதில்ல, உனக்கே தெரியும். வெட்ட விடாம மரத்துக்கு முன்னால வந்து முதுகக் காட்டிக்கிட்டு நின்னான். நான் அவனச் சுத்திக்கிட்டுப் போயி வெட்டினேன்.”

மீதியை அவள் பதற்றமில்லாமல் சொன்னாள். தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவதற்காக மகள் மீனாத்தை அவள் கணவன் அமஸ்தான் மலைக்கு அழைத்து வந்தான். எதிர்கொள்ளக் கிழவி வழிக்கே போனாள். அந்தப் பாறையடியில் வரும்போதே வலி கண்டுவிட்டது. கூடாரம்வரை நடத்திக்கொண்டுபோக முடியவில்லை. குழந்தை பிறந்தபோது நீலமாக இருந்தது. சுற்றிலும் ஒரு சுள்ளி இல்லை. பச்சையாக இருந்தாலும் பிசினால் பற்றிக்கொள்ளும் மரம் அது ஒன்றுதான்.

“என் அம்மா அந்த மரத்து நிழல்லதான் என்னப் பெத்தா,” என்றாள் ரஹ்மாத்தா. “அதுமேல கோடரி வெச்ச கை இது. பேத்தியத் தூக்கறப்பல்லாம் அந்தச் சத்தம் காதுல கேக்குது.”

பிஸ்காவின் வாயில், காவலரின் பழக்கம் காரணமாக, ஒரு கேள்வி தானாக வந்துவிட்டது.

“கூடாரத்துல உலர்ந்த விறகு ஒரு கட்டுக்கூடவா இல்ல? ஓடிப்போய் எடுத்திட்டு வந்திருக்கலாமே.”

கிழவி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும்.

“விறகா? குளிருக்கு முன்னாடி கீழேருந்து கழுதைல வரும், மரத்துல மட்டும் கை வெக்காதேன்னு கோடையில நீதானப்பா வந்து சொல்லிட்டுப் போனே. நானும் கணவாயப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.”

பிஸ்கா மெல்லத் திரும்பினார். மரியமா கழுதையின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“விறகு ஏத்தி நின்ன கழுதைங்கள இறக்கச் சொன்னது யாரு மச்சான்?” என்று, கழுதையைப் பார்த்தே கேட்டாள். “படம் பிடிக்க வந்தவங்களோட கூடாரத்த மொதல்ல ஏத்துன்னு சொன்னது?”

“நான்.”

“அடுத்த வாரம் விறகு போகட்டும்னே. சரின்னேன். அப்புறம் நீயும் மறந்தே, நானும் மறந்தேன். அந்தக் கல்லப் பாத்தப்பதான் எனக்கு உறைச்சுது.”

தூண்களுக்கிடையே காற்று பேசியது. மேடு ஏறிப் பள்ளம் இறங்கி வந்த தடம், வளைக்குள் போய் முடிந்துவிட்டது.

ரஹ்மாத்தாவுக்கு வேறொரு கவலை இருந்தது. நாளை ஏழாம் நாள். பெயர் வைக்க வேண்டும். தாயத்து வாங்கக் கீழே போன தகப்பன் திரும்பி வரவில்லை. மரத்தை வெட்டிய மாமியாரின் முகத்தில் விழிக்கக்கூடாதென்று இருக்கிறானோ, மகளையும் அதனால் ஒதுக்கிவிடுவானோ என்று அவள் மீனாத்துக்குக் கேட்காத தொனியில் விசாரித்தாள்.

“அவன் கோவமா இல்லம்மா,” என்றார் பிஸ்கா. “தினமும் இந்தத் திசையப் பாத்துத்தான் நிக்கிறான். வழிய அடைச்சவன் நான்.”

அவர் கைக்கோடரியை எடுத்து, இரு கைகளாலும் அவளிடமே திருப்பிக் கொடுத்தார். தேநீருக்கு நிற்காமல் மலையிறங்கினார்.

மறுநாள் விடியலில், வில்லை வாங்கிய அன்று கூடியிருந்த கழுதைக்காரர்கள் அத்தனை பேரும் சாவடியில் இருக்கும் நேரமாகப் பார்த்து பிஸ்கா அங்கே போனார். அவருக்குப் பின்னால் மரியமாவின் கழுதைகள் எல்லாம், காய்ந்த வேல விறகு ஏற்றி, வரிசையாக நின்றன. அமஸ்தான் தன் கல்லிலிருந்து எழுந்தான்.

“இந்த இடத்துலதான் இவன் வில்லைய வாங்கினேன்,” என்றார் பிஸ்கா. குரல் உயரவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. “இதே இடத்துல திருப்பித் தர்றேன். கிளை போனதுக்குக் காரணம் இவன் இல்ல, நான். மேல போக வேண்டிய விறகைத் தடுத்தது நான். அது தெரியாம ஒரு நல்லவன் பேரைக் கெடுத்தேன்.”

கிளையை வெட்டிய கை எது என்று அவர் சொல்லவில்லை, கேட்டவர்களும் துருவவில்லை. அமஸ்தானின் மார்பில் வில்லையைக் குத்தியபின், தம்முடைய வில்லையைக் கழற்றிச் சாவடிக்காரன் கையில் கொடுத்து, மேலதிகாரிகள் விசாரித்து முடிக்கும்வரை அங்கேயே இருக்கட்டும் என்றார். அமஸ்தான் நன்றி சொல்லவில்லை. தாயத்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, யாருக்கும் காத்திராமல் கணவாயில் ஏறத் தொடங்கினான்.

பிஸ்கா ஒரு விறகுக் கட்டைத் தம் முதுகில் ஏற்றிக் கயிற்றை இறுக்கினார்.

“கழுதைல இடம் இருக்கே மச்சான்.”

“இருக்கட்டும்.”

“எனக்கொண்ணும் இல்ல. இதுங்கதான் நமக்கு ஒரு தம்பி பொறந்துட்டானோன்னு நெனைக்கும்,” என்றாள் மரியமா. சொல்லிவிட்டு, தானும் ஒரு சிறு கட்டைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

வெயில் சாய்வதற்குள் ஆடு அறுத்தாயிற்று. பெண்கள் குழந்தையை ஏந்திக் கூடாரத்தைச் சுற்றி வந்தார்கள். பெயரை அதன் காதில் சொன்னார்கள். புதுத் தாயத்து அதன் கழுத்தில் ஏறியது. வேல விறகு புகையில்லாமல் எரிந்தது. மரியமா அதைச் சுற்றிக் குளிர்காயும் கூட்டத்தில் புகுந்துகொண்டாள். சடங்கு முடிந்ததும் அமஸ்தான், முறைப்படி, கூடாரத்துக்கு முதுகு காட்டும் ஒரு தூணின் பின்னால் போய் உட்கார்ந்தான்.

பிஸ்காவுக்குத் தீயருகே நல்ல பாய் விரித்திருந்தார்கள். அவர் அதைப் பார்த்தார். தாண்டிக்கொண்டு, தூணின் குளிர்ந்த பக்கத்துக்கு நடந்தார்.

“அங்க உனக்கு எந்த மாமியார் மச்சான்?” என்று மரியமா தீயருகிலிருந்து கேட்டாள். கேலியாகத் தொடங்கிய குரல் முடியும்போது கேலியாக இல்லை.

தூணின் பின்னால் வெறுங்கல் சில்லென்றிருந்தது. பிஸ்கா சற்றுத் தள்ளியே அமர்ந்தார். அமஸ்தான் அவரைப் பார்க்கவில்லை. எதிரே கற்கள் மாலை வெயிலில் சிவந்துகொண்டு வந்தன. 

கூடாரத்துக்கும் தூணுக்கும் நடுவே ஒரு தட்டைக் கல் போட்டிருந்தது. செருப்பின் சரசரப்பு அதுவரை வந்து, நின்று, திரும்பிப் போயிற்று. அமஸ்தான் எழுந்து போனான். வரக் கொஞ்சம் நேரமாயிற்று. வந்தவன் பிஸ்காவின் பக்கத்தில், தோள் படும் தூரத்தில் உட்கார்ந்தான்.

“ரெண்டு குவளை வெச்சிருக்காங்கண்ணே,” என்று ஒன்றை அவரிடம் நீட்டினான்.

முதல் குவளை எப்போதும் கசக்கும். பிஸ்கா முகத்துணியை இறக்கி, அதைச் சொட்டு மீதமில்லாமல் குடித்தார்.